முனியாண்டி படையலும் உங்கள் முழங்காலும்

இன்று காலை மருமகள் கூடத்துச் சுவரைத் துடைக்கும்போது நம் கல்யாணப் படத்தைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டாள். "மாமா ஸ்டைலப் பாருங்க அத்தை! மாலையும் கழுத்துமா கறுப்புக் கண்ணாடி. சினிமா ஹீரோ தோத்தாரு லா," என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் கண்கள் மிளகாய் அரைத்த கையால் தேய்த்ததுபோல் சிவந்து கிடந்தது அவளுக்குத் தெரியாது. வேட்டிக்குள் வலது முழங்காலில் துணிக்கட்டு இருந்ததும், சம்மணம் போட முடியாமல் மணவறையில் நீங்கள் முக்காலியில் உட்கார்ந்ததும் தெரியாது.

நீங்கள் இருந்திருந்தால், "ஒங்க அத்தைய மயக்கத்தான் போட்டேன்" என்று ஒரு போடு போட்டிருப்பீர்கள். நீங்கள் போனபின் இந்த வீட்டில் பேச்சு ருசிப்பதே இல்லை. மருமகள் பூத்தோட்டத்துக்குப் போய்விட்டாள். இங்கே திரிங்காப்பில் இது செவந்திப் பூ ஏற்றிக்கொண்டு லோரிகள் மலை இறங்குகிற நேரம். ஒவ்வொரு லோரியும் வளைவில் கியர் மாற்றும்போது, வாசலில் நின்றுகொண்டு, காதில் விழாத டிரைவருக்குப் பாடம் நடத்துவீர்களே. இன்றைக்கும் ஒருவனும் சரியாக மாற்றவில்லை. உங்களுக்குப் பதிலாக நானே திட்டிவிட்டு, படத்தை மடியில் வைத்தபடியே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் பாதி தாண்டியிருந்தது. பிரிஞ்சாங்குக்கு மேலே நாம் வேலை பார்த்த தேயிலைத் தோட்டம். நீங்கள் தேயிலைப் பெட்டிகளைத் தாப்பா வழியாக ஈப்போ டவுனுக்கு இறக்கும் லோரி டிரைவர். நான் கொழுந்து பறிப்பவள். என் அப்பா தொழிற்சாலை அடுப்புக்கு விறகு போடுகிறவர். நாள் முழுக்க நெருப்போடு பழகியதாலோ என்னவோ, தோட்டத்தில் எந்த விசேஷம் என்றாலும் அண்டாவுக்குப் பக்கத்தில் அவர்தான் நிற்பார். அவர் வைக்கும் கோழிக்கறிக்காகவே கீழ்த் தோட்டத்து ஆட்கள் மலை ஏறி வருவார்கள். நமக்குப் பரிசம் போட்டாகிவிட்டது. தை பிறந்தால் கல்யாணம் என்று பேச்சு.

ஆடியில் சாலை வளைவு முனியாண்டிக்குப் படையல். லோரிக்காரர்களுக்கு அவர்தான் காவல். அவருக்குச் சுருட்டு வைக்காமல் நீங்கள் ஒரு நாளும் மலை இறங்கியதில்லை. நம் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆக்கிய கறி முழுவதையும் அண்டாவோடு கொண்டுவந்து சாமி முன்னால் இறக்க வேண்டும். யாரும் ருசி பார்க்கக் கூடாது. இறக்கியபின் திரும்ப அடுப்பில் ஏற்றவும் கூடாது. சாமிக்கு வைத்ததை மறுபடி நெருப்பில் காட்டினால் முனியாண்டிக்குக் கோபம் வரும் என்பார்கள்.

அந்த வருடம் பூசாரி ரிங்லெட்டிலிருந்து வர வேண்டியவர். மழையில் மண் சரிந்து அவர் வந்த காடி நடுவழியில் மாட்டிக்கொண்டது. காலையில் இறக்கிய அண்டா சாயங்காலம் வரைக்கும் முனியாண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. "இந்தக் குளிருக்கு ஒன்னும் ஆவாது லா. நாமளே ஐஸ்பெட்டிக்குள்ளதான இருக்கோம்," என்றார் கோயில் தலைவர். ஒருவழியாகப் பூசை முடிந்து பந்தி போட்டார்கள். வருங்கால மாமனாரைக் குளிரவைக்க வேண்டுமென்று நீங்கள் இலையை வழித்து வழித்து, "மாமா, இன்னும் கொஞ்சம்" என்று திரும்பத் திரும்ப வாங்கித் தின்றீர்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த மனுசனுக்கா ஆயுசு முழுக்க ஆக்கிப் போடப் போகிறோம் என்று எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்த அப்பா தட்டைத் தொடவில்லை. அம்மா ஏன் என்று கேட்டாள். "பரிமாறுறப்பத்தான் பாத்தேன். எலும்புகிட்ட செவப்பா இருந்துச்சு, சரியா வேகல. எறக்கியாச்சு. மறுபடி எப்படி அடுப்புல ஏத்துறது?" என்றார். "வாய மூடிக்கிட்டுப் படுங்க. சாமி சோறு ஒன்னும் பண்ணாது," என்றாள் அம்மா. அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் காதில் எல்லாம் விழுந்தது.

சாமி சோறு பண்ணியது. மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வந்த ஆட்களைவிட லைன் வீட்டுக் கக்கூஸ் வாசலில் நின்ற ஆட்கள் அதிகம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வீட்டுக்கு வீடு சுருண்டு கிடந்தார்கள். "மழைத் தண்ணி பைப்புல கலந்துருச்சு" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். படையல் என்ற பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்தால் முனியாண்டியையே குறை சொன்னதாகிவிடும். ஒரு வாரத்தில் லைன் முழுக்கத் தெளிந்துவிட்டது. நீங்களும் தெளிந்து லோரியை எடுத்துவிட்டீர்கள்.

எல்லாரும் அதை மறந்தபிறகுதான் உங்களுக்கு ஆரம்பித்தது. வலது முழங்கால் பம்பளிமாஸ் பழம்போல் வீங்கியது. குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. பிரேக்கை மிதிக்க முடியாமல் லோரியைத் தொழிற்சாலை வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கினீர்கள். பிறகு கண்கள் சிவந்தன. சிறுநீர் போகும்போது எரிச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வராத நாளெல்லாம் மருந்து கொடுப்பவர் டிரசர்தான். அவரிடம் நீங்கள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னீர்கள். "ஈப்போவுக்குப் போனா எங்க தங்குவே?" என்றுதான் அவர் முதலில் கேட்டாராம். ஊசி போட்டார், இனிமேல் ஒழுங்காக இருக்கச் சொன்னார். பாவம், அவர் பார்த்த அத்தனை லோரிக்காரர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி பொருந்தியிருக்கும்.

டிரசரின் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களுக்குக் காது நன்றாகக் கேட்டது. பைப்படிக்கு நான் குடத்தோடு போவதற்குள் செய்தி அங்கே எனக்கு முன்னால் வந்துவிட்டது. "டிரைவருக்குப் பொம்பள சீக்காம்." இன்னொருத்தி, "முனியாண்டி சும்மா விடுவாரா? அதான் கண்ணக் குத்திட்டாரு," என்றாள். நான் நிறையாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. பரிசத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் கோயில் தலைவரிடம் சொல்லிவிட்டார்.

வேறொருவர் என்றால் சித்தப்பா, பெரியப்பா என்று யாரையாவது தூது அனுப்பியிருப்பார். நீங்கள் பட்டப்பகலில், லைன் முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்க்க, ஒரு காலை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். உட்காரச் சொல்லவும் இல்லை, நீங்கள் உட்காரவும் இல்லை.

"மாமா, டிரசர் மேல குத்தம் இல்ல. அவருக்குத் தோணினத அவரு சொன்னாரு. ஆனா நான் அந்த மாதிரி எடத்துக்குப் போனவன் இல்ல. ஈப்போவுக்குப் போய் ரத்தம் குடுத்துப் பாத்துட்டு வரேன்."

பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த என்னிடம் பேசினீர்கள். பரிசம் போட்ட பெண்ணிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "புள்ள, நீயும் கேட்டுக்க. முட்டி வீங்கியிருக்கு, கண்ணு எரியுது, ஒன்னுக்குப் போனாலும் எரியுது. எல்லாம் உண்மைதான். ஏன்னு மட்டும் எனக்குத் தெரியல. நாளைக்கு இத நீ வேற எவன் வாயிலயும் கேக்கக் கூடாது."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் உள்ளே ஒரு தெம்பு வந்தது. இவ்வளவையும் வாய்விட்டுச் சொல்கிற ஒருவன் எதையும் ஒளித்து வைத்திருக்க மாட்டான் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். இத்தனை வருடத்தில் அந்த முடிவை நான் மாற்ற வேண்டி வந்ததே இல்லை.

ஈப்போவில் நடந்ததை நீங்கள் பிற்பாடு எத்தனையோ முறை நடித்தே காட்டியிருக்கிறீர்கள். உங்கள் லோரியிலேயே வேறு ஒருவன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்க அவன் கியரைக் குறை சொல்லிக்கொண்டே போனீர்கள். அங்கே தமிழ் பேசுகிற டாக்டர் ஒருவர். ரத்தத்தைச் சோதித்தார். மற்றவர்கள் சொன்ன சீக்கு இல்லை. முழங்காலில் ஊசியைச் செருகி மஞ்சள் நீரை உறிஞ்சி அதையும் பார்க்க அனுப்பினார். அதில் கிருமியே இல்லை. பிறகு, "இதுக்கு முன்னாடி வயித்தால போச்சா?" என்று கேட்டார்.

"வயிறு எங்க இருக்கு, முட்டி எங்க இருக்கு டாக்டர்?" என்றீர்களாம்.

"கிருமி வந்தது வயித்துலதான். கோழிக்கறி சரியா வேகலன்னா வர்ற கிருமி. அத அடிக்கக் கெளம்பின ஒடம்பு, ஆள் தெரியாம ஒன் மூட்டையும் கண்ணையும் போட்டு அடிக்குது. வயிறு சரியாகிப் பல நாள் கழிச்சுத்தான் இது வரும். அதான் யாருக்கும் ரெண்டையும் சேத்துப் பாக்கத் தோணாது."

"எல்லாருக்கும்தானே வயித்தால போச்சு? எனக்கு மட்டும் ஏன்?"

"சில பேரு ஒடம்பு வாகு அப்படி. நீ செஞ்ச தப்பு ஒன்னும் இல்ல. மாசக்கணக்குல ஆகும், ஆனா பெரும்பாலும் தணிஞ்சிரும். சில பேருக்குத் திரும்பத் திரும்ப வரும்."

அப்புறம், அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். நீங்கள் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டீர்கள். உங்களுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் கூட்டம். பரிசத் தட்டை நடுவில் வைத்து, அதைத் திருப்புவதா வேண்டாமா என்று பேசி முடிக்க ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். ரத்தத்தில் அந்தச் சீக்கு இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். "பின்ன என்னதான் வந்துச்சு?" என்றார் தலைவர். "வயித்துப்போக்கால வந்ததுன்னு டாக்டர் சொன்னாரு," என்றீர்கள். கூட்டமே சிரித்தது. "எங்களுக்கும்தானப்பா புடுங்கிச்சு! எங்க முட்டியெல்லாம் நல்லாத்தான இருக்கு!" என்று ஒருவர் வேட்டியைத் தூக்கித் தன் முழங்காலையே காட்டினார். சிரிப்பு அடங்கியதும் தலைவர், "சரி, டாக்டர் சொன்னதாவே இருக்கட்டும். எதத் தின்னு வந்துச்சு?" என்று கேட்டார்.

எதைத் தின்று என்பது உங்களுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "படையல் கறி" என்று நீங்கள் சொன்னால் உங்கள் பெயர் மீளும், கல்யாணம் பிழைக்கும். நீங்கள் அப்பாவை ஒருமுறை பார்த்தீர்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஊரு ஊரா ஓடுறவன். எங்க தின்னதுன்னு எப்படிச் சொல்றது?" என்றீர்கள்.

அவ்வளவுதான். உங்கள் வாயாலேயே உங்கள் வழக்கைக் கெடுத்துக்கொண்டீர்கள். ஊர் ஊராக ஓடுகிறவன், கண்ட இடத்தில் தின்கிறவன், அப்புறம் மற்றதற்கு மட்டும் வீட்டுக்கு வருவானா என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. தலைவர் தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

அப்பா எழுந்தார்.

"அது என் கறி," என்றார். "படையல் அன்னிக்கு ஆக்குனது. எலும்புகிட்ட செவப்பா இருந்துச்சு, பாத்தேன். எறக்கியாச்சு, திரும்ப அடுப்புல ஏத்தக் கூடாதேன்னு பேசாம பரிமாறிட்டேன். பைப்புத் தண்ணியும் இல்ல, ஒன்னும் இல்ல. அன்னிக்கு எல்லாருக்கும் வயிறு போனது என்னாலதான். இவன்தான் வாங்கி வாங்கித் தின்னான். இவன் கால் வீங்கினதும் என்னாலதான்."

தலைவர் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். முனியாண்டியைக் குறை சொன்னதாக யாராவது எகிறுவார்கள் என்று பயந்தேன். அந்த லைனில் எல்லாருமே அந்தக் கறியைத் தின்று எல்லாருமே வயிற்றைப் பிடித்தவர்கள். மனதுக்குள் எல்லாருக்கும் கணக்குச் சரியாக வந்தது. நீங்கள் காலை இழுத்துக்கொண்டே அப்பாவிடம் போய், "உக்காருங்க மாமா," என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

தையில் நடக்க வேண்டிய கல்யாணம் உங்கள் காலுக்காக வைகாசிக்குத் தள்ளிப்போனது. அத்தனை மாதமும் நீங்கள் தொழிற்சாலையில் பெட்டிக்கு ஆணி அடித்தீர்கள். லோரியைத் துடைக்க மட்டும் தினமும் போவீர்கள். கால் தேறியது. சரியாகக் கல்யாண வாரம் பார்த்துக் கண் திரும்பச் சிவந்தது, முட்டியும் லேசாக முனகியது. கண்ணாடி அதற்காகத்தான். அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்து இளவட்டங்கள் எல்லாம் தங்கள் கல்யாணத்துக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கியது உங்கள் பெருமை.

அதைவிடப் பெரிது அடுத்த படையலில் நடந்தது. அப்பா இனிமேல் கரண்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். யாரும் அவரை வற்புறுத்தவும் இல்லை. நீங்கள் போய், "மாமா, நீங்க ஆக்கலன்னா நான் படையலுக்கே வரல," என்று வாசலில் உட்கார்ந்துகொண்டீர்கள். பிறகு தலைவரிடமும் பூசாரியிடமும் பேசினீர்கள். முதல் கறியைத் தனிப் பானையில் எடுத்துச் சாமிக்கு வைப்போம், அதை யாரும் தொட வேண்டாம், அண்டா மட்டும் பூசை முடியும்வரை அடுப்பிலேயே கொதிக்கட்டும் என்றீர்கள். "சாமிக்குத் தனி, நமக்குத் தனியா?" என்று தலைவர் முறைத்தார். "சாமிக்கு வயித்தால போவாது தலைவரே. நமக்குப் போவுதே!" என்றீர்கள். பூசாரியே சிரித்துவிட்டார். இன்றைக்கும் அந்த வளைவில் அப்படித்தான் நடக்கிறது. யார் சொல்லி ஆரம்பித்தது என்று இப்போது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது.

எண்பதுகள் முழுக்க அந்த முட்டி அவ்வப்போது வந்து உங்களை விசாரித்துவிட்டுப் போனது. நீங்களோ ஊரையே விசாரித்தீர்கள். யார் முழங்கால் வலி என்றாலும், "கொஞ்ச நாளைக்கு முன்ன வயித்தால போச்சா?" என்பீர்கள். மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டவரிடமும் அதையே கேட்டு வசவு வாங்கினீர்கள். ஆனால் நம் லைனில் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்குக் கண்ணும் முட்டியும் சேர்ந்து வந்தபோது, அவள் மாமியார் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அந்த வீட்டுக்குப் போய்விட்டீர்கள். "இது எனக்கு வந்ததுதான். கெட்ட சீக்கு இல்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, வயித்துப்போக்கு வந்ததையும் மறக்காம சொல்லுங்க," என்று உங்கள் கதையை முழுக்க, எரிச்சல் உட்பட, கூச்சமில்லாமல் சொல்லிவிட்டு வந்தீர்கள். அன்றைக்கு உங்களைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மற்றவர்கள் புதைத்து வைக்கிற அவமானத்தை நீங்கள் எடுத்துப் பிறருக்கு மருந்தாகக் கொடுத்தீர்கள்.

ஒருமுறை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், உங்கள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். அன்றைக்குக் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை?

"அடுப்புக்கு வெறகு போடற ஆள யாரு மதிப்பா புள்ள? அந்தக் கறிக்காகத்தான லைனே ஒங்கப்பாவ அண்ணேன்னு கூப்புடுது. அத நான் எப்படிப் புடுங்கறது?"

"அவரு எந்திரிக்காம விட்டிருந்தா?"

"விட்டிருந்தா என்ன, நீ வேற எவனையாச்சும் கட்டியிருப்ப. நான் லோரிய ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன் லா."

தைல பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டேன். இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. என்னை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க இருந்தீர்களே என்ற கோபம் இன்னும் தீரவில்லை. அப்படி விட்டுக்கொடுக்க முடிந்த மனுசனைத்தான் நான் கட்டினேன் என்ற கர்வமும் தீரவில்லை.

உங்களிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை, அதனால் பார்க்கவில்லை. தலைவர் தட்டுக்குக் கை நீட்டியதும் நான் எழுந்துவிட்டேன். அடுப்படியில் கேட்டதைக் கூட்டத்தில் சொல்லிவிட வாயும் திறந்துவிட்டேன். அப்பா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உட்கார் என்பதுபோல் கையை லேசாகத் தாழ்த்தினார். நான் உட்கார்ந்தேன். அதற்கப்புறம்தான் அவர் எழுந்தார்.

"யாரும் கேக்காமலே எந்திரிச்சு நின்னாரு பாரு, அந்த மாதிரி ஆம்பளைய நான் பாத்ததே இல்ல" என்று கடைசிவரை நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஒவ்வொரு தடவையும் விழுங்கிவிட்டேன். அப்பாவின் மரியாதையில் கை வைக்காமல் இருப்பது எப்படி என்று உங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது நீங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் இருப்பீர்கள். அங்கே பேச்சு வந்தாலும் இதை அவரிடம் கேட்டுவிடாதீர்கள். அவராகவே எழுந்ததாகவே இருக்கட்டும்.